ஐந்து நிமிட ஓய்வில் வெங்காயம் உரிப்பவருக்கு

திருகோணமலையிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 36. நிலாவெளி வீதிப் பக்கம் வீடு. நகரத்தில் ஒரு அரச அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை. கணவர் கட்டாரில். ஒன்பது வயது மகள், மூன்று வயது மகன், முழங்கால் வலியோடு மாமி. மூன்று மாதத்தில் வினைத்திறன் காண் தடைப் பரீட்சை, அதாவது அரச ஊழியர்கள் சேவையில் தேறவேண்டிய பரீட்சை, வருகிறது. போன முறை எழுதிய இரண்டு பாடத்தில் ஒன்று போய்விட்டது. "இந்த முறையும் விட்டால் சம்பள ஏற்றம் நின்றுவிடும், அப்புறம் நான் தலைநிமிர முடியாது" என்கிறார்.

அலுவலகத் தோழி ஒருவர் 'பொமடோரோ' முறையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு. நான்கு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு. இவர் கடையில் ஒரு சின்ன டைமர் வாங்கி, கொப்பியில் கட்டம் போட்டு, இரவு ஒன்பதரைக்குப் பிள்ளைகளைப் படுக்க வைத்தபின் உட்காருகிறார். இடையில் மகன் அழுதாலோ மாமி கூப்பிட்டாலோ அந்தக் கட்டத்தை வெட்டிவிடுகிறார். தடைப்பட்ட சுற்று செல்லாது என்பதுதான் விதியாம். போன மாதம் முழுதாகக் கிடைத்த கட்டங்கள் பதினொன்று. மூன்றாவது சுற்றில் தலை மேசையில் விழுகிறது. 12.15க்குப் படுத்து 4.30க்கு எழும்புகிறார். மாமி வேறு, "மணி அடிச்சுப் படிக்க இதென்ன பள்ளிக்கூடமோ?" என்று கேட்கிறாராம்.

முக்கியமான கேள்விகள் மூன்று. ஒரு வீடியோவைப் பார்த்ததிலிருந்து சந்தேகம்: தனக்குக் கவனக்குறைபாட்டு நோய் (ADHD) இருக்கிறதா? தெரிந்தவர் ஒருவர் சாப்பிடும் மாத்திரையை ஒன்றிரண்டு வாங்கிப் பார்க்கலாமா? 25 நிமிடத்தை 50 ஆக்கினால் சரிவருமா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை மூன்று தடவை வாசித்தேன். அந்த ஐந்து நிமிடங்களில் என்ன செய்கிறீர்கள் என்று நீங்களே வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். முதல் இடைவேளையில் காலைக்கு வெங்காயம் உரித்து வைப்பது. இரண்டாவதில் மகளின் வெள்ளைச் சட்டையை அயன் பண்ணுவது. மூன்றாவதில் மாமிக்கு மாத்திரை, தண்ணீர்ப் போத்தல்கள், பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் நாளைக்கு என்ன கொண்டுவரச் சொன்னார்கள் என்று பார்ப்பது. பிறகு அடுத்த பக்கத்தில், "ஓய்வு எடுத்தும் எனக்கு மூளை வேலை செய்யவில்லை" என்று எழுதுகிறீர்கள்.

எந்த ஓய்வு, சகோதரி? 25 நிமிடம் ஒரு வேலை, 5 நிமிடம் இன்னொரு வேலை. அதுவும் அந்த ஐந்து நிமிட வேலை ஓட்டமும் நடையுமாகச் செய்கிற வேலை. டைமர் உங்களுக்கு இரண்டாவது மேலதிகாரி ஆகிவிட்டது. இந்த ஒரு விஷயத்தைச் சரிசெய்யாமல் 25ஐ 50 ஆக்கினாலும் 15 ஆக்கினாலும் கணக்கு மாறாது.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன்மேல் உங்களுக்குள்ள பயம் கொஞ்சம் குறையும். 1980களின் கடைசியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற பல்கலைக்கழக மாணவருக்குப் படிப்பில் மனம் நிற்கவில்லை. "பத்து நிமிடமாவது உண்மையாகப் படிக்க முடியுமா?" என்று தனக்குத்தானே பந்தயம் கட்டி, தக்காளி வடிவத்தில் இருந்த ஒரு குசினி டைமரைத் திருகி வைத்தார். இத்தாலிய மொழியில் பொமடோரோ என்றால் தக்காளி. அந்தப் பந்தயத்தில் அவரே உடனடியாக வெல்லவில்லை. பிறகு கூட்டிக் குறைத்துப் பார்த்து 25 நிமிடத்தில் வந்து நின்றார். அது அவருக்குப் பொருந்திய அளவு, அவ்வளவுதான். மனித மூளைக்குள் 25 நிமிடத்தில் அடிக்கும் மணி எதுவும் இல்லை. நம் பழைய கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம் என்பது வேடிக்கையான ஒற்றுமை. (அதற்காக நம் முன்னோர்தான் பொமடோரோவைக் கண்டுபிடித்தார்கள் என்று யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்.)

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் ஒரு மாணவர். அவருடைய குசினி டைமருக்குப் பக்கத்தில் மூன்று வயதுப் பிள்ளை படுத்திருக்கவில்லை.

வெட்டிய கட்டங்கள்

தடைப்பட்ட சுற்று செல்லாது என்ற விதி அந்த முறையில் இருப்பது உண்மைதான். ஆனால் அதே முறை தடைகளை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று நமக்குள்ளிருந்து வருவது: திடீரென்று போனைப் பார்க்கத் தோன்றுவது, கட்டாத மின்சாரப் பில் ஞாபகம் வருவது. அதற்கு ஒரு துண்டுத் தாளில் குறித்துவிட்டுப் படிப்பைத் தொடரச் சொல்கிறார்கள். இது நல்ல யோசனை, செய்யுங்கள். மற்றது வெளியிலிருந்து வருவது. அதற்கு, "கொஞ்சம் பொறுங்கள், முடித்துவிட்டு வருகிறேன்" என்று தள்ளிப்போடச் சொல்கிறார்கள். சக ஊழியரிடம் அப்படிச் சொல்லலாம். கனவு கண்டு அழுகிற பிள்ளையிடம் சொல்ல முடியுமா?

ஆகவே அந்த விதியை உங்கள் வீட்டுக்குள் எடுக்காதீர்கள். 14 நிமிடம் படித்தபின் மகன் எழும்பினால் கட்டத்தில் 14 என்று எழுதுங்கள். வெட்டுக் கோடு வேண்டாம். படித்த 14 நிமிடத்தை யாரும் உங்கள் தலையிலிருந்து வெட்டி எடுக்கவில்லை. எனக்கும் ஒரு காலத்தில் மூன்று நிறப் பேனைகளால் கட்டம் நிரப்புகிற பைத்தியம் இருந்தது. கட்டங்கள் அழகாக இருந்தன. படித்தது என்ன என்று கேட்டால் விழித்தேன். கொப்பிக் கணக்கு படிப்புக் கணக்கு ஆகாது.

நோயா, தூக்கமா?

நேரில் பார்க்காமல் உங்களுக்கு நோய் இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லக்கூடாது. ஆனால் அந்த வீடியோ சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். கவனக்குறைபாடு ஒருவருக்கு 36 வயதில் புதிதாக முளைப்பதில்லை. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அதன் அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். அதுவும் வீடு, பள்ளிக்கூடம் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில். பெண்பிள்ளைகளிடம் அது பல சமயம் கண்ணில் படாமலே போய்விடும் என்பதும் உண்மை. அப்படிச் சின்ன வயதுச் சிரமங்கள் உங்களுக்கு ஞாபகம் இருந்தால் கட்டாயம் வைத்தியரிடம் பேசுங்கள். கடிதத்தில் நீங்கள் எழுதியிருப்பதோ வேறு: உயர்தரம் வரை ஒரே மூச்சில் படித்தவர், அலுவலகக் கோப்பில் பிழை விடாதவர், இந்த நான்கு பக்கத்தையும் நள்ளிரவுக்குப் பிறகு ஒரே இருப்பில் எழுதி முடித்தவர்.

நாலேகால் மணி நேரம் தூங்குகிறவருக்கு மறதி, எரிச்சல், ஒரு வரியை நான்கு தடவை வாசிப்பது எல்லாம் வரும். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை. இதில் கொடுமை என்னவென்றால், பகலில் படித்தது தூக்கத்தில்தான் மனதில் ஊன்றுகிறது. பரீட்சைக்காகத் தூக்கத்தை வெட்டுவது, நெல்லை விதைத்துவிட்டு வாய்க்காலை அடைப்பது மாதிரி.

இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டுப் பிரச்சினையும் இதே களைப்பையும் மந்தத்தையும் தரும். உங்கள் வயதுப் பெண்களில் இவை அபூர்வமல்ல. முதலில் வழக்கமான வைத்தியரிடம் போய் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அது சரியென்றால், சின்ன வயதுச் சந்தேகமும் இருந்தால், அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். மனநலப் பிரிவு என்றதும் ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதீர்கள். போக முதல் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

மற்றவரின் மாத்திரை? வேண்டவே வேண்டாம். கவனக்குறைபாட்டுக்குக் கொடுக்கும் மருந்துகள் வைத்தியரின் சீட்டில்லாமல் எடுக்கக்கூடாதவை. நெஞ்சுத் துடிப்பைக் கூட்டும், இரத்த அழுத்தத்தை ஏற்றும், மிச்சமிருக்கிற தூக்கத்தையும் கெடுக்கும். தூக்கமில்லாத ஒருவருக்கு அது கடன் வாங்கிக் கடன் கட்டுகிற வேலை.

உங்கள் கடிதத்தில் ஒளிந்திருந்த நாற்பது நிமிடம்

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "பஸ் 7.50க்கே நகரத்தில் இறக்கிவிடும். அலுவலகம் எட்டரைக்குத்தான். ஃபேனைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பேன்."

உங்கள் நாள் முழுவதிலும் பிள்ளையும் இல்லாமல், மாமியும் இல்லாமல், மேலதிகாரியும் இல்லாமல் இருக்கிற நேரம் அது மட்டும்தான். அதை முழுதாகப் பிடுங்க எனக்கு மனமில்லை. அந்தச் 'சும்மா'தான் உங்களைத் தாங்கி நிற்கிறது என்று நினைக்கிறேன். ஆகவே பாதிப் பாதி. வந்ததும் பத்து நிமிடம் ஃபேனுக்குக் கீழே சும்மா. பிறகு 25 நிமிடம் படிப்பு. மிச்ச ஐந்து நிமிடத்தில் முகம் கழுவி வேலைக்குத் தயாராகலாம். கச்சான் காற்று அனலாக அடிக்கிற மாதங்களில் திருகோணமலையில் புத்தி தெளிவாக இருக்கிற நேரமும் காலைதான்.

இரவில் ஒன்றே ஒன்று. 9.30க்கு உட்கார்ந்தால் 9.55க்கு மூடுங்கள், அத்தோடு சரி. வெங்காயத்தையும் சட்டையையும் அதற்கு முன்பே முடியுங்கள், முடியாவிட்டால் விடுங்கள். மகள் ஒரு நாள் கசங்கிய சட்டையோடு போனால் பள்ளிக்கூடம் இடிந்து விழாது. 10.45க்காவது படுத்துவிடுங்கள். அது ஏழு மணி நேரம் ஆகாது, ஐந்தே முக்கால்தான். ஆனாலும் இப்போதைக்கு ஒன்றரை மணி நேரம் மிச்சம்.

"இரண்டு சுற்று மட்டுமா? மூன்று மாதம்தானே இருக்கிறது!" என்று பதறுவீர்கள். கணக்குப் பார்ப்போம். போன மாதம் உங்கள் விதிப்படி கிடைத்த பதினொரு கட்டம் 275 நிமிடம். நாலரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அதற்காக நீங்கள் இழந்த தூக்கத்தை நான் கூட்டிப் பார்க்கவே விரும்பவில்லை. நான் சொல்கிற இரண்டு சுற்றும் இருபது வேலை நாளுக்கு 1000 நிமிடம், பதினாறு மணி நேரத்துக்கும் மேல். அதில் கால்வாசி குழம்பிப் போனாலும் நீங்கள் முன்னே நிற்பீர்கள்.

25 நிமிடத்துக்குள் என்ன செய்வது என்பது அது எத்தனை நிமிடம் என்பதைவிட முக்கியம். நீங்கள் மஞ்சள் பேனையால் கோடு போட்டுத் திரும்பத் திரும்ப வாசிக்கிறீர்கள். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். படித்ததை மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் நன்றாகச் செய்தார்கள். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ்: புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் கூட நினைவிருந்தது. ஆகவே 15 நிமிடம் வாசியுங்கள், மூடுங்கள், 10 நிமிடம் வெறுந்தாளில் எழுதுங்கள். எழுத வராத இடம்தான் அடுத்த நாளுக்கான பாடம்.

உங்கள் பாடங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அவை உங்கள் மேசையிலேயே நடக்கின்றன. அரச ஊழியருக்கான விதிகளின் தொகுப்பான தாபன விதிக்கோவையின் 12ஆம் அத்தியாயம் லீவு பற்றியது. நீங்கள் கடைசியாகப் போட்ட லீவுப் படிவத்தை நினைத்துக்கொண்டு அதை வாசியுங்கள். 24ஆம் அத்தியாயம் கடன்கள். அலுவலகத்தில் அதைப் பற்றிப் பேசாத ஆள் உண்டா? அரச சொத்து தொலைந்தாலோ சேதமானாலோ என்ன செய்வது என்று சொல்வது அரச நிதி விதிகளில் ஒன்றான நிதிப்பிரமாணம் 104. உங்கள் அலுவலக வாகனம் ஒன்று மதிலில் இடித்ததாக வைத்துக்கொண்டு, யார் யாருக்கு என்ன அறிக்கை கொடுக்க வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். இலக்கங்களைப் பாடமாக்குவதைவிட இது நிற்கும்.

ஓய்வு என்றால்

சனிக்கிழமை இரண்டு மூன்று சுற்று தொடர்ந்து செய்யக் கிடைத்தால் மட்டுமே இடைவேளைக் கேள்வி வருகிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார்: முடியாத ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பள்ளிக்கூடக் குழுவில் "நாளைக்கு ஓவியக் கொப்பி" என்று பார்த்துவிட்டு நிதிப்பிரமாணத்துக்கு வந்தால், பாதி மனம் ஓவியக் கொப்பியைத் தேடிக்கொண்டிருக்கும்.

வீட்டு வேலை எல்லாமே கெடுதி என்று நான் சொல்லவில்லை. அவசரமில்லாமல் இரண்டு கோப்பை கழுவுவது சிலருக்கு மனதை ஆற்றும். ஐந்து நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று நெருக்குகிற வேலைதான் ஓய்வைத் தின்கிறது. முற்றத்துக்குப் போய் நில்லுங்கள். கடல்காற்று வருகிற பக்கமாகக் கண்ணைத் தூரத்தில் விடுங்கள். போன் உள்ளேயே இருக்கட்டும். முதல் சில நாள் 'இப்படி வீணாக நிற்கிறோமே' என்று குற்ற உணர்ச்சி வரும். வரட்டும், அதுவும் போகும்.

50 நிமிடம் பற்றிக் கேட்டீர்கள். எழுதிப் பார்க்கும்போது நல்ல ஓட்டத்தில் இருந்தால், மணி அடித்தாலும் அந்த விடையை முடித்துவிட்டு எழும்புங்கள். சனிக்கிழமை நகரத்துப் பொது நூலகத்தில் இடம் கிடைத்தால் 50 நிமிடம் முயன்று பாருங்கள். பரீட்சை மண்டபத்தில் 25 நிமிடத்துக்கு ஒருமுறை யாரும் மணி அடிக்கப் போவதில்லை, நீண்ட இருப்புக்கும் பழக்கம் வேண்டும். ஆனால் வேலை நாள் இரவில், இப்போதைய தூக்கத்தோடு, வேண்டாம்.

மாமியும் கணவரும்

மாமியின் பேச்சு உங்களைக் குத்தியிருக்கிறது, புரிகிறது. ஆனால் ஒன்பதரைக்குக் கண்ணயரப் பார்க்கிற ஒரு வயதான மனுசிக்கு அரை மணிக்கொரு தடவை கிணிங் என்று மணி அடித்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். டைமரை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, போனைச் சத்தமில்லாத அதிர்வில் போட்டுக் கவிழ்த்து வையுங்கள். பிறகு நேரடியாக, சின்னதாகக் கேளுங்கள்: "மாமி, ஒன்பதரையிலிருந்து பத்து மணி வரைக்கும் மட்டும் தம்பி அழுதால் நீங்கள் ஒருக்கால் தட்டிப் படுக்க வைப்பீங்களோ? மாத்திரையை நான் முன்னமே தந்திடுறன்." மூன்று மாதத்துக்குத்தான் என்பதையும் சொல்லுங்கள். முடிவு தெரிகிற உதவியைச் செய்ய ஆட்கள் பின்னிற்பதில்லை.

இதைக் கணவர் மூலம் சொல்ல வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது: கட்டாரிலிருந்து மகன் எடுத்துச் சொன்னால் மாமியின் காதில் அது மருமகளின் முறைப்பாடாகவே விழும். முதலில் நீங்கள் கேளுங்கள். அதன்பிறகு அவர் தன் தாயிடம், "அம்மா, நீங்கள் அவவுக்கு உதவி செய்யிறது எனக்குப் பெரிய ஆறுதல்" என்று சொன்னால் போதும்.

அவருடைய அழைப்பு பத்து மணிக்கு முன்பின்னாக வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அங்கே அப்போது ஏழரை, வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பார். அவர் மேல் பிழையில்லை. இரண்டரை மணி வித்தியாசம் செய்கிற வேலை. வேலை நாட்களில் பத்து மணிக்குப் பிறகு பத்து நிமிடம், அவருக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமை ஆறுதலாக ஒரு மணி நேரம் என்று பேசி ஒத்துக்கொள்ளுங்கள்.

பரீட்சை பற்றிய பயம்

'இந்த முறை விட்டால் எல்லாம் முடிந்தது' என்ற எண்ணத்தை ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். அதற்கு உளவளத்துணையாளரான நான் சரியான ஆள் இல்லை. உங்கள் அலுவலகத்தில் தாபன விடயத்தைப் பார்க்கிறவரிடம் உங்களுடைய சேவைப் பிரமாணக்குறிப்பை வாங்கி நீங்களே வாசியுங்கள். எந்தத் திகதிக்குள் தேற வேண்டும், பிந்தினால் சம்பள ஏற்றத்துக்கு என்ன நடக்கும், தேறிய பாடத்தை மறுபடி எழுத வேண்டுமா என்பதெல்லாம் அதில் இருக்கும். பல சேவைகளில் பாடங்களைத் தனித்தனியாக எழுதித் தேற இடமுண்டு. உங்களுக்கும் அப்படியென்றால் போன முறை விட்ட ஒரு பாடத்துக்கு மட்டும்தான் இந்த மூன்று மாதமும். அதைத் தெரியாமலா இரண்டு பாடத்தையும் நள்ளிரவு வரை சுமக்கிறீர்கள்?

அப்படியே லீவையும் பாருங்கள். வருடத்துக்கு 21 நாள் கெசுவல் லீவும் 24 நாள் வெகேஷன் லீவும் இருக்கையில், பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் என்று ஒதுக்கி வைத்து, உங்களுக்கென்று ஒரு நாளும் எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பரீட்சைக்கு முந்திய கிழமையில் இரண்டு நாளாவது போடுங்கள். அந்த இரண்டில் ஒன்றின் காலையை மகனை மாமியிடம் விட்டுவிட்டு நூலகத்திலும், மத்தியானத்தை உங்கள் கட்டிலிலும் கழியுங்கள். அன்றைக்கு டைமர் வேண்டாம்.